கூட்டுக் கடை தனிக் கடையானது

மூக்குக் கண்ணாடிக் கடையில் பெரியவள் லென்ஸ் தேய்ப்பாள், சின்னவள் கண் பரிசோதிப்பாள். கடைத்தெருவில் அக்கா தங்கை இருவருக்கும் சேர்த்துக் ‘கண்ணாடிக்காரிகள்’ என்று ஒரே பேர்தான். சின்னவள் புருஷனோடு கடல் கடந்து போய் மூன்று வருஷமாகிறது. "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோக்கா, ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள். பரிசோதனை அறையில் அவள் நாற்காலியைப் பெரியவள் யாருக்கும் விடவில்லை. இப்போது வந்து போகும் டாக்டர் தனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டார்.

ஆடிட்டர் வருஷாவருஷம் தலையில் அடித்துக்கொள்வார்.

"அக்கா, கூட்டு நிறுவனமா இருக்கறதால லாபத்துல முதல் காசிலேர்ந்தே ஒரே விகிதத்துல வரி. உங்க ஒருத்தர் பேருக்கு மாத்துங்க. அது உங்க சொந்த வருமானமாயிடும். ஒரு வரம்பு வரைக்கும் வரியே கிடையாது, அதுக்கு மேல படிப்படியாத்தான் ஏறும்."

"கம்பெனியாக்கினா அவ பேரும் இருக்குமே?"

"இருக்கும். ஆனா லாபத்துக்குக் கம்பெனி ஒரு தடவை கட்டணும். அதுலேர்ந்து பங்குலாபம்னு நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா, நீங்க இன்னொரு தடவை கட்டணும். தேவையா இந்த வம்பு?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று எழுந்துவிடுவாள். வரி கூடப் போனால் போகட்டும். கடைப் பலகையில் பேர் இருக்கும்வரை தங்கை எங்கோ வெளியே போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

இந்த வருஷம் தங்கையே போனில் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதே. இங்கயே சின்னதா ஒரு கடை போடறேன். அங்க எனக்கு வர்ற பங்கையும் இங்க கணக்குல காட்டணுமாம், ஒரே குழப்பம். என் பேரை எடுத்துடேன்."

"யாரோட கூட்டு?" என்று மட்டும் கேட்டாள் பெரியவள்.

"உன்னை விட்டா நான் யாரோட கூட்டுச் சேருவேன்? தனியாத்தான்."

மறுநாளே பெரியவள் ஆடிட்டரிடம் போய்க் கையெழுத்துப் போட்டாள். "இப்பவாவது வழிக்கு வந்தீங்களே" என்றார் ஆடிட்டர். வரி நன்றாகவே குறைந்தது. பலகையில் பேர் எடுத்த இடம் மட்டும் வெயில் படாத சாயத்தோடு பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் பின்வாசல் வழியாகக் கடைக்கு வரத் தொடங்கினாள்.

ஒரு மத்தியானம் தங்கையிடமிருந்து போன். "அக்கா, தேய்க்கற ஆள் வரலை. நானே மெஷின்ல உக்காந்துட்டேன். ஓரம் உடைஞ்சு உடைஞ்சு போகுது."

"போனை மெஷின் பக்கத்துல வை." கண்ணை மூடிக் கேட்டாள். "ரொம்ப அழுத்தறே. விடு, அதுவா வரும்."

சத்தம் மெல்ல நிதானத்துக்கு வந்தது.

"ஆங், அப்படித்தான்."

முன்னால் வாடிக்கையாளர் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம்ங்க" என்றாள். அங்கே அந்த லென்ஸ் தேய்ந்து முடியும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.