மாதிரி அக்கா

முதலில் வருகிற தண்ணீரைச் சற்று நேரம் ஓடவிட்டுவிடுவார் அக்கா. குழாயின் வாயைச் சுத்தமான துணியால் துடைப்பார். புட்டியை அதே தண்ணீரில் அலசிக் கொட்டுவார். அதன் பிறகுதான் பிடிப்பார், கழுத்து வரைக்கும், நுரை எழாமல். தண்ணீரைச் சோதிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் ஆராய்ச்சி மாணவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முன்பெல்லாம் அவர்தான் பிடிப்பார். "தள்ளு தம்பி, நீ பிடிச்சா பாதி உன் சட்டைக்குத்தான் போகுது" என்று அக்கா அந்த வேலையை வாங்கிக்கொண்டார்.

பல்கலைக்கழகத்தின் பின்வாசலைத் தாண்டினால் முதல் வீடு அக்காவுடையது. வெயிலில் அதிக தூரம் நடக்க விரும்பாத ஆராய்ச்சியெல்லாம் அந்தக் கதவைத்தான் தட்டும். எதிர்வீட்டு ஜன்னலில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருக்கும் நான், படிப்பின் அத்தனை வகைகளையும் அந்த வாசலில்தான் பார்த்தேன்.

வருகிறவர்களின் பெயர் அக்காவுக்கு நிற்காது. வந்த காரியத்தையே பெயராக வைத்துவிடுவார். முழங்காலில் பொட்டுப் பொட்டாக எதையோ ஒட்டி நடக்கவிட்டுப் பார்த்தவள் முட்டிப்பொண்ணு. வலைப்பெட்டிக்குள் கையை விடச் சொன்னவர் கொசு சார். தலையில் கம்பிகள் மாட்டித் தூங்கவைத்தவர் தூக்க மேடம். "தலை நிறைய ஒயரை மாட்டிட்டு, நல்லா தூங்குங்கன்னா எவளுக்கு வரும்? கண்ணை மூடிட்டு நாளைக்கு என்ன சமைக்கலாம்னு யோசிச்சேன். அதையும் எழுதியிருக்கும் அந்த மிஷினு." மொழிக்காரம்மா ஒலிவாங்கியை நீட்டி, 'மழை' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். "வெளியில ஒரு சொட்டு இல்ல. உள்ள நான் மழை மழைன்னு கத்திட்டிருக்கேன்!"

மகிழ்ச்சியை அளக்கவும் ஆட்கள் வருவார்கள். பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். அக்கா எப்போதும் ஏழு என்பார். "பத்துன்னா பொய் சொல்றேன்னு நினைப்பாங்க. ரெண்டுன்னா ஏன் எதுக்குன்னு உசிரை எடுப்பாங்க. ஏழுன்னா எழுதிட்டுக் கிளம்பிடுவாங்க."

அவருடைய கணவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். மனைவியைக் கிண்டல் செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது. "உன் முட்டியை வச்சு ஒருத்தி டாக்டர் பட்டம் வாங்கிட்டா. நீ இன்னும் அஞ்சாம் கிளாஸ்தான்."

"முட்டியாவது படிச்சுதே. உங்ககிட்ட அதுகூட இல்ல."

அக்காவுக்கு 'மாதிரி' என்ற பெயர் வந்த கதையும் எனக்குத் தெரியும். தண்ணீர் பிடிக்க வரும் மாணவர், அதாவது தண்ணித்தம்பி, ஒருநாள் வாசலில் நின்று தொலைபேசியில் யாரிடமோ, "ஆமா சார், இந்த வீடு நம்ம மாதிரிதான்" என்றார். அக்கா பூரித்துப்போனார். அன்றே வாசலைக் கழுவினார், குழாயைப் புளி போட்டுத் தேய்த்தார். "இத்தனை வீடு இருக்கு, என் வீட்டைத்தான் மாதிரின்னு சொல்லியிருக்காங்க" என்று தெரு முழுக்கச் சொன்னார்.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அது முன்மாதிரிடி. இது வெறும் மாதிரி. துணிக்கடையில ஓரத்தை வெட்டிக் காட்டுவாங்களே, அந்தத் துண்டு. வேணும்னா தையலைக் கேளு."

"அப்படியா தையலு?" என்று அக்கா என் பக்கம் திரும்பினார். ஆமென்றும் இல்லையென்றும் படாமல் தலையை ஆட்டினேன். தெரு அதற்குள் 'மாதிரி அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது.

போன மழைக்காலத்தில் கணவருக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது என்றார் மருத்துவர். "வீட்டுல எந்தத் தண்ணி குடிக்கிறீங்க? எப்பவாவது சோதிச்சிருக்கீங்களா?" என்றும் கேட்டார்.

"வருஷக்கணக்கா அதைத்தானே சோதிக்கிறாங்க டாக்டர்!" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தாராம். சொல்லி முடித்த பிறகுதான் சிரிப்பு நின்றதாம்.

அடுத்த முறை தண்ணித்தம்பி வந்ததும், சோதனையில் என்ன வந்தது என்று கேட்டார். "அது என் கையில இல்லம்மா. நான் பிடிச்சுட்டுப் போறதோட சரி. எங்க சார்தான் சொல்லணும்" என்றார் அவர், செருப்பைப் பார்த்தபடி.

ஆண்டுக்கொரு நாள் பல்கலைக்கழகம் தன் ஆராய்ச்சிகளையெல்லாம் பெரிய மண்டபத்தில் மாட்டிவைக்கும். யார் வேண்டுமானாலும் போகலாம். எனக்குக் கூட்டம் ஆகாது. ஆனாலும் அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நட்சத்திரம் அணைகிற விதம், எறும்பின் வயிறு, கடலடிச் சேறு, பாலத்தில் விழும் விரிசல், தேர்தலில் சொல்லப்படும் பொய்கள். வரிசை வரிசையாகப் பளபளப்பான தாள்கள். ஒன்றில் வண்ணக் கோடுகளாக ஒரு முழங்கால் மடங்கி நீண்டது. "இது என் முட்டி தையலு" என்றார், கல்யாணப் படத்தைக் காட்டுவதுபோல. இன்னொன்றில் அவர் சொன்ன 'மழை' நடுங்கும் கோடாக இருந்தது. எதிலும் அவர் பெயர் இல்லை. அவர் அதைத் தேடவும் இல்லை. தண்ணீரைத்தான் தேடினார்.

கடைசித் தடுப்பில் இருந்தது. எங்கள் தெருவின் வரைபடம். பின்வாசலுக்கு அருகே ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் பேராசிரியர் நின்றிருந்தார்.

"ஐயா, இந்தச் சிவப்பு எங்க வீடுதானே?"

"எந்த வீடுன்னு சொல்லக் கூடாதும்மா. அது உங்க பாதுகாப்புக்காக வச்சிருக்கிற விதி."

"நான்தான் ஐயா அந்த வீடு."

"உங்ககிட்டயும் சொல்லக் கூடாது."

"சரி, சிவப்புன்னா மோசமா?"

"மோசம்னு அர்த்தமில்ல. கவனிக்க வேண்டியதுன்னு அர்த்தம்."

"யாரு கவனிக்கணும்?"

பேராசிரியர் புன்னகைத்தார். கட்டுரை வெளிவந்துவிட்டது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றார். கட்டுரை இருந்தது ஆங்கிலத்தில். பிறகு சின்னம் அச்சடித்த துணிப்பை ஒன்றைக் கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசலுக்கு வந்ததும், "தெருவுக்கே ஒரே ஊத்துத் தண்ணி. இதை விட்டா வேற எங்க போறது தையலு?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது கணவர் கட்டிலோடு இருக்கிறார். கிண்டல் குறைந்துவிட்டது. மகள் வேலைக்குப் போகும்போது தன் மூன்று வயதுப் பெண்ணை இங்கே விட்டுப் போகிறாள். நடுவில் மகிழ்ச்சிக்காரர்கள் ஒருமுறை வந்தார்கள். அக்கா ஏழு என்றார்.

நேற்று தண்ணித்தம்பி வந்தார். நல்ல வெயில். அக்கா புட்டியை வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"குடி தம்பி. வேர்த்து ஊத்துது."

"வேண்டாம்மா. என்கிட்ட இருக்கு." தோள்பையிலிருந்து தன் தண்ணீரை எடுத்துக் காட்டினார். எப்போதுமே கொண்டுவருவார். படித்த பிள்ளை, சங்கோஜம் என்றுதான் அக்கா இத்தனை நாள் சொல்லிவந்தார்.

"ஒரு வாய் குடிச்சா என்னப்பா?"

அவர் தன் தண்ணீரைத் திரும்பப் பைக்குள் வைத்தார். காது சிவந்திருந்தது. அந்த நேரம் உள்ளிருந்து பேத்தி ஓடிவந்து, "ஆயா, எனக்கு" என்று டம்ளரை எட்டிப் பிடித்தாள்.

அக்கா டம்ளரைச் சட்டென்று மேலே தூக்கினார். மறுகையால் தண்ணித்தம்பியிடமிருந்து புட்டியைப் பிடுங்கி, அதற்குள் டம்ளர் தண்ணீரைக் கவிழ்த்தார்.

"அம்மா, இதை மாதிரியா எடுத்துக்க முடியாதும்மா..."

அக்கா மூடியை இறுக்கித் திருகி, புட்டியை அவர் கையில் வைத்து, விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.