பந்து வராமல் நின்ற வண்டி

இன்று மகள் போனில் பேசினாள். கம்ப்யூட்டரின் அடி மென்பொருளான கெர்னலில் பூட்டுகளைச் சீராக்குவது அவள் வேலை. கம்ப்யூட்டருக்குள் ஓடும் இரண்டு வேலைகள் ஒரே இடத்தில் ஒன்றாக நுழையாமல் காப்பது அந்தப் பூட்டு.

"பூட்டை வச்சிருந்த வேலை பாதியில செத்துப்போச்சுப்பா. மத்ததெல்லாம் காத்துக்கிட்டு நிக்குது" என்றாள்.

எனக்கு அறுபதுகள் நினைவுக்கு வந்தன.

திண்டுக்கல்லுக்கு வடக்கே ஒரு சிறு ஸ்டேஷனில் நான் மாஸ்டர். ஒற்றைத் தண்டவாளம். அடுத்த ஸ்டேஷன் வரை ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான்; அதற்கு அனுமதியான இரும்புப் பந்து டிரைவர் கைக்கு வந்தால்தான் வண்டி கிளம்பலாம். ஒருநாள் திண்டுக்கல் பக்கமிருந்து வந்த மெயிலின் டிரைவர், பந்தை என்னிடம் கொடுக்க மறந்து தன்னோடு கொண்டுபோய்விட்டார். திண்டுக்கல் பாசஞ்சர் நின்றது. பக்கத்து ஸ்டேஷனைக் கேட்கப் போனும் வேலை செய்யவில்லை.

வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு வந்தார்.

"மெயிலுதான் போயிருச்சுல்லய்யா. தண்டவாளம் சும்மாத்தான கெடக்கு. வண்டிய விடுங்கய்யா."

"பந்து வரட்டும்ப்பா. செத்த பொறு."

பந்து வர ஒரு மணி நேரமானது. திண்டுக்கல் சேருமுன் குழந்தை இறந்துவிட்டது.

"இப்ப என்னம்மா மாத்தப் போற?" என்று மகளைக் கேட்டேன்.

"வச்சிருந்தது செத்துட்டா, காத்திருக்கிறதுகிட்ட சொல்லிருவோம்ப்பா. அது சரிபாத்துட்டு உள்ள போகலாம்."

மெயிலின் கடைசிப் பெட்டி கடந்துபோனதை அன்று நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

ரயில்வே நண்பர்களே, நீங்களாக இருந்தால் வண்டியை விட்டிருப்பீர்களா? ரூல் புத்தகத்தைப் புரட்டாமல் சொல்லுங்கள். அது எனக்கு இன்னும் மனப்பாடம்.