நாற்பதாவது ஆள்

ரசமட்டம் என்ற பெயரை அவள் முதன்முதலில் கேட்டது, பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்துபோன பிறகு அடுப்படியில்தான். மாப்பிள்ளை கொத்தனார், எந்தப் பக்கமும் சாயமாட்டார், அதனால் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று மாமி முறையில் ஒருத்தி சொன்னாள். தளம் சமமா என்று பார்க்கிற கண்ணாடிக் குழாய்க்கா கழுத்தை நீட்டுவது என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நீட்டிய பிறகுதான் தெரிந்தது, மனுஷன் பேச்சையும் அளந்துதான் ஊற்றுவார். தேநீர் எப்படி என்று கேட்டால், குடித்து முடித்துக் குவளையைக் கழுவி வைத்த பிறகே பதில் வரும்.

அவருக்கு உடன்பிறப்பு ஒரே தங்கச்சி. உம்மா கண்ணை மூடும்போது கையில் பிடித்துக் கொடுத்த பிள்ளை. கலவை சுமந்து வளர்த்து, மரக்கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார். அந்த மச்சான் நல்லவர்தான், மூக்குக்கு மேல் கோபம். பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். இனி அங்கே கால் வைக்க மாட்டேன், என் கிடங்கிலேயே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நடக்கும் என்று, ஏறி நின்று பிரசங்கம் செய்கிற மிம்பருக்குப் பலகை அறுக்கத் தொடங்கிவிட்டார்.

பலகை இருந்தது, குத்பா பிரசங்கம் ஓத வெளியூர் ஆலிமும் கிடைத்தார். ஆள் கணக்குதான் உதைத்தது. அவர்கள் பின்பற்றும் மத்ஹபின் சட்டப்படி ஊரில் குடியிருக்கும் ஆண்கள் நாற்பது பேர் கூடாமல் ஜும்ஆ இல்லை. வெளியூர் ஆலிம் கணக்கில் வரமாட்டார். அங்கே இங்கே இழுத்துப் பிடித்தும் முப்பத்தொன்பதில் நின்றது.

வியாழக்கிழமை தங்கச்சி வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, நாற்பதாவது ஆளு நீங்கதான். வரலேன்னா எனக்குக் கூடப்பிறந்தவங்க யாருமில்லன்னு நெனச்சுக்கிறேன்."

அவர் அவளை வழியனுப்ப வாசல் வரை போய்விட்டு வந்து, சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

மறுநாள் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் தடவிக் கிளம்பினார். வீட்டுக்காரி இவள் மொட்டைமாடிக்கு ஓடினாள். வலப்பக்கம் பள்ளி, இடப்பக்கம் கூப்பிடு தூரத்தில் கிடங்கு. அவர் இடப்பக்கம் திரும்பினார். ரத்தபாசம் என்றால் சும்மாவா?

ஆனால் கிடங்கு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டார்.

"மச்சான், நான் உள்ள வந்தா ஊருல ஜும்ஆ ரெண்டாயிடும். வெளிய நின்னா ஒண்ணா இருக்கும். நான் நிக்கிறேன்."

"தங்கச்சி மூஞ்சியில முழிக்க வேணாமா?"

"முழிக்கணும். அதான் ஒளியாம உங்க வாசலுக்கே வந்து சொல்றேன். சண்டை பாக்கி இருந்தா பள்ளிக்குள்ள போடுவோம். பிரிஞ்சுட்டா சண்டை போடக்கூட ஆள் கிடைக்காது மச்சான்."

உள்ளே யாரோ சிரித்துவிட்டார்கள். அந்த நேரம் பள்ளியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. ரம்பம் ஓட்டுகிறவர் முதலில் எழுந்தார். ஜும்ஆ தவறிப்போனால் மறுமையில் முதலாளியா வந்து பதில் சொல்வார் என்று முணுமுணுத்தபடி செருப்பைத் தேடினார். ஒருவர் பின் ஒருவராகக் கிடங்கு காலியானது.

பள்ளிக்குள் நடந்ததை அவர்தான் பிறகு சொன்னார். மச்சான் கடைசியாக வந்து சேர்ந்தபோது இமாம் மிம்பரில் நின்று ஓதிக்கொண்டிருந்தார். குத்பா நேரத்தில் பேசக் கூடாது. பேசுகிறவனைச் சும்மா இரு என்று அதட்டினாலும் அது வீண்பேச்சுதான். குத்திக்காட்டக் காத்திருந்த வாய்களெல்லாம் எச்சிலை விழுங்கிக்கொண்டன. ரசமட்டம் நகர்ந்து இடம் விட்டார். இரண்டு பேரும் தோள் உரச உட்கார்ந்தார்கள்.

"இமாம் ஒத்துமையைப் பத்திப் பேசினாராக்கும்?" என்று இவள் கேட்டாள்.

"இல்ல. எடையில மோசடி பண்ணாதீங்கன்னு பேசினாரு. எல்லாரும் ஒரே பேச்சைக் கேட்டோம்ல, அது போதும்."

தங்கச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அண்ணன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. இவர் வெள்ளிதோறும் தொழுதுவிட்டு அவள் வாசலில் நின்று சலாம் சொல்வார். சலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாதே, கதவுக்குப் பின்னால் இருந்து அது மட்டும் வரும். மழைக்காலம் போய் வெயிலும் போய், ஒரு வெள்ளி கதவு திறந்தது. "நனையாம உள்ள வாங்கண்ணே" என்றாள். அன்று மழையே இல்லை.

கடைத்தெருவில் இவளைக் கண்டால் ரசமட்டத்தின் வீட்டுக்காரி என்று நகர்ந்து வழிவிடுவார்கள். இவளும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தே நடப்பாள். இல்லாமல் என்ன?

இப்போது அவருக்கு முழங்கால் மடங்காது, வேலைக்குப் போவதில்லை. தங்கச்சியே கூட்டிப்போய்த் தன் வீட்டுக் கீழ்அறையில் இவளோடு சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.