மேல்நூலும் முதலாளியின் மச்சானும்

தோல் தைக்கிற மிஷினில் உட்காருகிறவனைப் பாடாய்ப் படுத்துவது ஊசி அல்ல, நூலின் இறுக்கம். மேல்நூலும் அடிநூலும் தோலுக்குள்ளேயே வெளியில் தெரியாமல் கோத்துக்கொள்ள வேண்டும். மேல்நூலை இறுக்கும் மேல் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் நூல் அடியில் தொங்கும். கொஞ்சம் முறுக்கினால் தோலையே அறுக்கும். இதில் மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு நான் சொல்வது புரியும்.

யுத்த காலத்தில் லஸ் பக்கம் ஒரு சாயபு கடையில் இருந்தேன். அங்கே ஒரே மிஷின். கையால் தைத்துவந்த மஸ்தான், முதலாளியின் மச்சான், என் முக்காலி மேலேயே கண்ணாக இருந்தான். எனக்குக் கைத்தையல் வராது. மிஷின் அவன் கைக்குப் போனால் நான் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

வக்கீல் பை

நல்ல நூல் கிடைக்காமல் முதலாளி மெல்லிசு நூல் வாங்கிப் போட்டார். பழைய நூலுக்கு வைத்த திருகு அதைப் பிடிக்கவில்லை. மாட வீதி வக்கீல் ஒருவரின் பைக்குள் நூல் சுருள் சுருளாகத் தொங்கியது. நூலை மாற்றியவர் முதலாளி, திட்டு எனக்கு. வக்கீல் பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"ஏண்டாப்பா, நான் பை தைக்கன்னா குடுத்தேன்? நீ சேவை பிழிஞ்சு வச்சிருக்கியே!"

குதிரை வார்

அந்தப் பயத்தில் திருகை நன்றாக முறுக்கிவிட்டேன். அடுத்து வந்தது ஒரு ஜட்கா வண்டிக்காரரின் குதிரை வார். பார்வைக்குத் தையல் அழகாகத்தான் இருந்தது. மாம்பலம் கடைத்தெருவில் குதிரை ஒரு இழுப்பு இழுத்ததும் நூல் கத்திபோலத் தோலை அறுத்துவிட்டது. அறுந்த வாரோடு அவர் கடை வாசலில் வந்து கத்த, மஸ்தான் உள்ளே விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"இன்னா நைனா தச்சே? குதிர அது பாட்டுக்குப் போய்க்கினே கீது, வண்டி நடுரோட்டுல நின்னுக்கினு கீது. நான் எதுல குந்துறது?"

பட்டாளத்து பெல்ட்

அன்று மாலையே முதலாளி சொல்லிவிட்டார்: பட்டாளத்துக்குக் காட்ட மாதிரிக்கு ஒரு பெல்ட் தைக்க வேண்டும், அதுவும் சரியில்லை என்றால் மிஷினில் மஸ்தான்.

மறுநாள் காலையில் துண்டுத் தோலில் தைத்துப் பார்த்தேன். மேல் திருகை முறுக்கினால் அடிநூல் மேலே ஏறி வந்தது. தளர்த்தினால் இரண்டும் தொளதொளத்தன. "இன்னாண்ணே, நூலு சொன்ன பேச்சு கேக்கலியா?" என்று மஸ்தான் விசாரித்தான். கடைசியில் மிஷினுக்கு அடியில் அடிநூல் உருளை இருக்கும் கூட்டைக் கழற்றினேன். அதிலுள்ள சின்னத் திருகு, நான் மாதக்கணக்கில் தொடாதது, கழன்று விழுகிற நிலையில் இருந்தது. "எண்ணெ போட்டேன், அவ்ளோதான்" என்றான் மஸ்தான், நான் கேட்காமலே. நூலைப் பிடித்துக் கூட்டைத் தொங்கவிட்டால் தானாக இறங்காமல், உதறினால் மட்டும் இறங்கும்படி திருகி வைத்துத் தைத்தேன்.

மத்தியானம் பட்டாளத்து ஆபீஸர் வந்தார். வளைத்தார், இழுத்தார், குறடு போட்டு நூலைக் கிளப்பப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டுப் போனார். முதலாளி ஓடிவந்து என் தோளைத் தட்டினார்.

"பெரிய ஆர்டர்ப்பா! இன்னொரு மிஷினுக்கும் சொல்லிட்டேன். மஸ்தான் உன் பக்கத்துலயே குந்துவான், நீயே கத்துக் குடுத்துடு."

மோசமாகத் தைத்தால் இடம் போகும், நன்றாகத் தைத்தால் மச்சான் பக்கத்தில் வந்து உட்காருவான், இவ்வளவுதான் அன்பர்களே நம் தொழில்.