ரொசில்டா வைக்கும் கரண்ட்

ரொசில்டா டேகலுக்குக் கோபம் வந்தால் வெளியே லாரிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கும். பிசியோதெரபி கிளினிக்கின் முன் மேசையில் உட்கார்ந்து நோயாளிகளை உள்ளே அனுப்பும் எனக்குக் கேட்காமல் இருக்குமா? வருஷக்கணக்காகக் கேட்கிறேன். பாதி நாள் அவள் கோபம் நியாயமானது. மீதி நாள் அதைவிட நியாயமானது.

எங்கள் பள்ளத்தாக்கு ஆண்களிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். உருளைக்கிழங்கு எப்படி விளைந்திருக்கிறது? மோசமில்ல. பனியில் லாரி கவிழ்ந்ததாமே? மோசமில்ல. மரம் சாய்ந்து தோள் எலும்பு நொறுங்கியவனை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கேட்டாலும் அதையேதான் சொல்வான். ரொசில்டாவின் அப்பா மர ஆலையில் வேலை பார்த்தவர், சர்க்கரை நோயாளி. காலில் ஆணி ஏறியதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் கேட்டபோதும் அந்த ஒற்றைச் சொல்தான். கால் போயிற்று, அடுத்த குளிர்காலத்தில் அவரும் போய்விட்டார். அப்போது அவள் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிந்து இங்கேயே வேலைக்கு வந்தவள், அந்தச் சொல் காதில் விழுந்தாலே எரிந்து விழுவாள்.

உறங்கிப்போன தசையைக் கரண்ட் கொடுத்து எழுப்பும் மெஷின் விஷயத்தில் அவளைப் போல கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. கரண்ட் பாயும் பேடைத் தோலில் ஒட்டுவதற்கு முன் இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்பாள். தெரிந்தவர் ஆயிற்றே என்று விடமாட்டாள். கண்ணை மூடச் சொல்லி, பேப்பர் கிளிப்பின் முனையாலும் வளைவாலும் மாற்றி மாற்றித் தொட்டு, "குத்துதா, மழுங்கலா?" என்பாள். உணர்ச்சி இல்லாத தோலில் பேட் வைக்கவே மாட்டாள். ஓரம் காய்ந்த பேட் கண்ணில் பட்டால் அதே நொடியில் குப்பைத் தொட்டிக்குப் போகும். அதோடு, சும்மா குறுகுறுக்க வைத்துவிட்டு டிவி பார்க்க விடுவது அவளுக்கு ஆகவே ஆகாது. "தசை கல்லு மாதிரி இறுகணும். அது இறுகும்போது நீங்களும் சேர்ந்து இறுக்கணும். இல்லேன்னா அது வைத்தியம் இல்ல, கிச்சுகிச்சு மூட்டறது" என்பாள்.

எங்கள் முதலாளி பிரென்ட் ஹாஸ்கெலும் பிசியோதெரபிஸ்ட்தான், தெற்கேயிருந்து வந்தவர். அவருக்கு அந்த மெஷின் ஒரு ஆயா. ஒருவரை வயரில் மாட்டி, கையில் ஒரு மணியைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். வேண்டுமானால் மணியை அடிப்பார்களாம். எங்கள் ஊர் ஆண் மணி அடித்து ஆள் கூப்பிடுவானாம்! தேவாலயத்தில் தீப்பிடித்தால் அடிப்பான், அதுவும் மற்றவர்களுக்காக.

அப்படித்தான் ஃபெர்னான் மிஷோ மாட்டிக்கொண்டார். ரொசில்டாவின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, உருளைக்கிழங்கு விவசாயி. பையன் இறந்த பிறகு நிலத்தைத் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்த காலத்தில் இடது முழங்கால் மூட்டை மாற்றியிருந்தார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. தொடைத் தசைதான் உறங்கிப்போய்விட்டது. காலைத் தூக்கச் சொன்னால் முகம் சிவக்கும், குதிகால் சிகிச்சை மேசையை விட்டு அசையாது. இடது கால் டிராக்டரில் கிளட்ச் மிதிக்கிற கால். செப்டம்பர் அறுவடைக்குள் அது எழுந்திருக்காவிட்டால், நிலத்தை ஆற்றுக்கு மேல்புறம் இருக்கும் பெரிய பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்று அவர் மனைவி அடேல் என்னிடம் சொல்லியிருந்தாள். பெரிய பண்ணைக்குப் போன நிலம் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

ஆபரேஷன் தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு அவருக்கு உணர்ச்சி இல்லை என்று கிளிப்பை வைத்து ரொசில்டா கண்டுபிடித்திருந்தாள். பேடுகளை அதற்கு எட்டாமல் தொடையின் மேலேயே வைப்பாள். மெதுமெதுவாக முன்னேற்றம் தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் அவள் ஒரு வாரம் பயிற்சி வகுப்புக்கு வெளியூர் போனாள்.

பிரென்ட் கிளிப்பை எடுக்கவில்லை. வேறொரு நோயாளியின் பெயர் எழுதிய பையிலிருந்து பழைய பேட் ஒன்றை எடுத்து, முழங்காலுக்குப் பக்கத்தில், சரியாக அந்த மரத்த இடத்திலேயே ஒட்டினார். "எப்படி இருக்கு?" "மோசமில்ல." ஏற்றினார். "இப்ப?" "மோசமில்ல." இன்னும் ஏற்றினார். மணியைக் கொடுத்துவிட்டுப் போனார். மரத்த இடத்தைத் தாண்டியிருந்த பேடின் ஓரம் சுரீர் சுரீரென்று கடித்தது என்று ஃபெர்னானே பிறகு ஒப்புக்கொண்டார். மணியை மடியில் வைத்துக்கொண்டு வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பேடை உரித்தபோது கீழே சட்டைப் பொத்தான் அளவுக்குத் தோல் வெந்து வெளுத்திருந்தது. அந்தப் புண்ணில் கிருமி ஏறி மூட்டுக்குள் போனால் உள்ளே வைத்த உலோகத்தையே எடுக்க வேண்டி வரும் என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். ஆறும்வரை எந்தச் சிகிச்சையும் கூடாது. கோடையின் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. தொடை இளைத்துத் துடைப்பக்கட்டை போல ஆகிவிட்டது.

திரும்பி வந்த ரொசில்டா பிரென்டின் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை.

"நான் கேட்டேன், ரொசில்டா. மோசமில்லைன்னு அவர் சொன்னார். கையில மணி இருந்துச்சு."

"உணர்ச்சியே இல்லாத இடத்துல ஒட்டிட்டு எப்படி இருக்குன்னு கேட்டா அவர் என்ன சொல்வார்? மேசைகிட்ட கேளுங்க, அதுவும் மோசமில்லைன்னுதான் சொல்லும்!"

"இனிமே அவருக்கு மெஷினே வேண்டாம். வெறும் பயிற்சி போதும். வம்பு வேண்டாம்."

"முதல்ல கண்ணை மூடிக்கிட்டு வச்சீங்க. இப்ப பயந்துபோய் வைக்கவே கூடாதுங்கறீங்க. அந்தத் தசை அவர் சொல்றதைக் கேட்கலை, அதனாலதானே கரண்ட்டு? செப்டம்பர் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மணியை எடுத்து என் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

புண் ஆறியதும் டாக்டரிடம் பேசிச் சம்மதம் வாங்கினாள். ஃபெர்னானை வரச் சொன்னாள். அடேலும் உள்ளே வந்து சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் துண்டு கொண்டுபோகிற சாக்கில் அங்கேயே நின்றுவிட்டேன். அகலமான புதுப் பேடுகள் இரண்டு, தொடையில், தழும்பிலிருந்து தள்ளி. கால் துள்ளாமலிருக்கக் கணுக்காலையும் இடுப்பையும் பட்டையால் கட்டினாள். பத்து வினாடி கரண்ட் பிடிக்கும், பிறகு நீண்ட ஓய்வு.

"சித்தப்பா, எப்படி இருக்கு?"

"மோசமில்ல."

அவள் மெஷினை அணைத்தாள்.

"வயரைக் கழட்டிடறேன். வீட்டுக்குப் போங்க. நிலத்தைப் பெரிய பண்ணைக்கே குடுத்துடுங்க."

"ஏம்மா, இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?"

"ஒண்ணுமே சொல்லலை. அதான்! தசை எழுந்திருக்கணும்னா உங்களால தாங்கமுடியற கடைசிப் படி வரைக்கும் நான் ஏத்தணும். அது எதுன்னு மெஷினுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க வாயைத் திறக்கலைன்னா ஒண்ணு தோலைச் சுடுவேன், இல்லேன்னா கிச்சுகிச்சு மூட்டுவேன். ரெண்டுக்கும் நான் இங்க உக்காந்திருக்கலை. எங்கப்பா ஒருத்தர் போதும் எனக்கு!"

ஃபெர்னான் விட்டத்தைப் பார்த்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. "சரி, போடு" என்றார்.

மறுபடி ஏற்றினாள். "குறுகுறுப்பு" என்றார். ஏற்றினாள். "இழுக்குது." ஏற்றினாள். அவர் பல் கடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. தொடை நடுவில் தசை திரண்டு எழும்பியது.

"சித்தப்பா?"

"வலிக்குது!" என்று கத்தினார். அடுத்த மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வலிக்குதுடி, ரொம்ப வலிக்குது!"

"சுடுதா, குத்துதா, பிடிச்சு இழுக்குதா?"

"இழுக்குது. உள்ளேர்ந்து."

"அதுதான் வேணும். தாங்க முடியுமா?"

"முடியும்."

"இதுக்கு மேல ஏத்த மாட்டேன். அடுத்த தடவை பிடிக்கும்போது நீங்களும் சேர்ந்து இறுக்குங்க."

அடுத்த முறை கரண்ட் பிடித்தபோது அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினார். முட்டி நிமிர்ந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகக் குதிகால் மேசையை விட்டு எழும்பிப் பட்டையை இழுத்தது. செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று என் வாய் தானாகச் சொன்னது. ரொசில்டா கூடத் திட்டாமல் நின்றாள்.

ஓய்வு வந்தது. அப்போதுதான் அடேல் நாற்காலியை விட்டு எழுந்தாள். அவள் சந்தோஷப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் துண்டோடு பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"அப்ப உன்னால சொல்ல முடியும்" என்றாள். "பையன் செத்த அன்னிலேர்ந்து, உனக்கு வலிக்கலையான்னு உன்கிட்ட ராத்திரி ராத்திரி கேட்டேன். நான் மட்டும் தனியா அழுதேன். கல்லோடதான் குடும்பம் நடத்தறேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஒரு வயருகிட்ட சொல்ற. என்கிட்ட சொல்லமாட்டியா?"

வீட்டில் இப்படி ஏதாவது ஆரம்பித்தால் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிழங்குக் கிடங்குக்குப் போய்விடுவார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போதும் கை தொப்பியைத் தேடியது. ஆனால் இடுப்பில் பட்டை, கணுக்காலில் பட்டை, தொடையில் வயர். அவர் ரொசில்டாவைப் பார்த்தார்.

ரொசில்டா எதையும் அவிழ்க்கவில்லை.

"சித்தி கேட்கறாங்க," என்றாள். "பதில் சொல்லுங்க."