ஒரு லைனுக்கு ரெண்டு கடைசி

மூவிங் ஹெட் என்கிற சுழலும் லைட்டுகளை நாங்கள் முதன்முதலாக மேடையேற்றிய நாளில், ஆட வேண்டிய பிள்ளைகளுக்கு முன்பே அவை ஆடத் தொடங்கிவிட்டன.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். விளாங்குடியில் ஒரு மண்டபம், நாட்டியப் பள்ளி ஆண்டு விழா. அதுவரை நானும் மைத்துனன் குமரேசனும் செல்லூரில் கல்யாண வீடுகளுக்கு சீரியல் பல்பு செட் போட்டுக்கொண்டிருந்தவர்கள். சென்னையிலிருந்து எட்டு லைட்டும் கன்ட்ரோலரும் வாடகைக்கு எடுத்திருந்தோம். இது சொதப்பினால் மறுபடி வாழைமரத்தில் பல்பு கட்டப் போக வேண்டியதுதான்.

லைட்டுகளுக்குக் கரண்ட் தனியாக வரும். டி.எம்.எக்ஸ். கேபிளில் உத்தரவு மட்டும்தான் போகும்: எந்தப் பக்கம் திரும்பு, என்ன கலர் காட்டு என்று. குமரேசன் கேபிளை மேடை நடுவுக்குக் கொண்டுவந்து, சீரியல் செட்டுக்குப் பிரிப்பதுபோலவே பிரித்து, இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு என்று கொடுத்திருந்தான். பார்க்க லட்சணமாக இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் போட்டுப் பார்த்தபோது வேலையும் செய்தது. இரண்டையும் சேர்த்தோம், எட்டும் குளிர்ஜுரம் கண்ட மாதிரி வெட்டி வெட்டி உதறின.

நாட்டிய டீச்சர் சலங்கையோடு வந்து நின்று பார்த்தார்.

"தம்பி, ஆடுறதுக்கு எம் பிள்ளைங்க இருக்காக. லைட்டு நின்னாப் போதும். இப்படியே இருந்துச்சுன்னா சொல்லிருங்க, டியூப்லைட்ட போட்டுட்டு ஆடிக்கிறோம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, வாடகைக்குக் கொடுத்தவரைப் பிடித்தேன்.

"கடைசி லைட்டுல என்ன சொருகியிருக்கீங்க?" என்றார்.

"எந்தக் கடைசிங்க?"

"கடைசின்னா கடைசிதான் சார்."

"எங்களுக்கு ரெண்டு கடைசி இருக்கே."

அவர் பொறுமையாகக் கேட்டார். "ஒரு லைனுக்கு எப்படி சார் ரெண்டு கடைசி?"

சிக்னல் லைனை நடுவில் பிரிக்கவே கூடாதாம். ஒரு லைட்டின் 'அவுட்' துளையிலிருந்து அடுத்ததன் 'இன்' துளைக்கு, வரிசையாகப் போக வேண்டும். கடைசி லைட்டின் அவுட்டில் டெர்மினேட்டர் என்ற சின்ன பிளக்கைச் சொருகாவிட்டால், போன சிக்னல் திரும்பி வந்து வருகிற சிக்னலோடு முட்டிக்கொள்ளும். பெட்டியிலேயே வைத்து அனுப்பியிருக்கிறேன் என்றார்.

திரும்பி வந்து குமரேசனிடம் கேட்டேன்.

"அதுவா மச்சான்? ஒயரே இல்லாத பிளக்கு, அறுந்து போச்சுன்னுல்ல நெனச்சேன்" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

"மாப்ள, உன்னைய அப்புறம் வச்சிக்கிறேன். மொதல்ல ஏணில ஏறு."

பிரித்த இடத்தைக் கழற்றினோம். இடப்பக்கத்து நாலாவது லைட்டிலிருந்து பின்திரைக்கு மேலாகக் கேபிளை இழுத்து வலப்பக்கத்தில் சேர்த்தோம். நாற்காலிகளில் ஆட்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். குமரேசன் அந்தக் குட்டி பிளக்கைக் கடைசி லைட்டில் சொருகினான்.

எட்டும் அசையாமல் நின்றன. நீல வெளிச்சம் கொடுத்தேன், எட்டும் நீலம். கன்ட்ரோலர் வந்த பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்புட்டு நிம்மதி.

நிகழ்ச்சி முடிந்து டீச்சர் வந்தார். "லைட்டு இருந்ததே தெரியல தம்பி. பிள்ளைங்க மட்டுந்தான் தெரிஞ்சாக. அடுத்த வருஷமும் நீங்களே வாங்க."

பிறகு எத்தனையோ மேடைகள் பார்த்தாயிற்று. இப்போதும் லைனுக்கு சிக்னல் கொடுக்குமுன் கீழே நின்று கேட்பேன்: "கடைசி எது?" மேலே இருப்பவன் ஒரே ஒரு லைட்டைக் கைகாட்ட வேண்டும். கொஞ்சம் யோசித்தான் என்றால், கன்ட்ரோலரில் கை வைக்க மாட்டேன்.