மாடம்பாக்கத்தில் அக்காவின் அரை கிரவுண்டு

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இன்று நேரில் வந்திருக்கும் உறவினர்களுக்கும், வர இயலாமல் தபாலில் இந்நினைவு மலரைப் பெறும் நண்பர்களுக்கும் வணக்கம். பத்திரிகைகளில் துணுக்கு எழுதுகிறவன் என்ற ஒரே தகுதியில் இக்கட்டுரை என் தலையில் விழுந்தது. "சிரிப்பு கிரிப்புன்னு எதையாவது எழுதி வெக்காத மச்சான்" என்று அத்தான் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். என் துணுக்குகளைப் படித்து இதுவரை யாரும் சிரித்ததில்லை. ஆகையால் அவர் கவலைப்பட அவசியமில்லை.

அக்கா பிறந்தது அனகாபுத்தூரில், ஆற்றங்கரைக்குப் பக்கத்துச் சந்தில். மழைக்காலத்தில் ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டுப் போகும். அப்பாவுக்குப் பல்லாவரத்தில் தோல் மண்டியில் வேலை. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டதால், என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அக்காதான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தோல் கையுறை தைக்கும் கம்பெனியில் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.ஏ. படித்தேன். பட்டம் வாங்குவதற்குள் ஏழு வாடகை வீடுகள் மாறியிருந்தோம்.

ஏழாவது வீட்டில் அப்பா காலமானார். ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்தபோது வீட்டுக்காரர் வாசலை மறித்துக் கைகூப்பி நின்றார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஒடம்ப உள்ள வெக்க வேணாம். அப்பால இந்த வூட்டுக்கு எவனும் குடி வரமாட்டான்."

அவர் கெட்டவர் இல்லை. பந்தலுக்கு ஆள் அனுப்பியவரும் அவரே. சாக்கடை ஓரமாக பெஞ்சு போட்டு, தெருவில் அப்பாவைக் கிடத்தினோம். தூறல் ஆரம்பித்தது. பந்தல்காரர் வரும்வரை அப்பாவின் முகத்துக்கு மேலே குடையைப் பிடித்தபடி அக்கா நின்றார். காரியமெல்லாம் முடிந்த பிறகு என்னிடம் சொன்னார்: "இனிமே நம்ம வீட்ல யார் போனாலும் சொந்த வீட்டுக்குள்ளேர்ந்துதான்டா போகணும்." சொந்த வீடு வேண்டும் என்பதற்கு அக்கா கடைசிவரை சொன்ன காரணம் இது ஒன்றுதான்.

பஸ் கண்டக்டரான அத்தானை மணந்து, பெண் குழந்தையும் பிறந்த பிறகு, எண்பதுகளின் நடுவில் அதற்கு வேளை வந்தது. தாம்பரத்துக்குக் கிழக்கே வயல்களில் நாற்று நட்ட இடத்தில் மனைக்கல் நட ஆரம்பித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேஷன் வாசலிலிருந்து வேனில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். எலுமிச்சை சாதப் பொட்டலம் இலவசம். நான் மூன்று நகர்களின் வேனில் போயிருக்கிறேன், சாதம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். மாடம்பாக்கத்தில் அரை கிரவுண்டு அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. அவருடைய சங்கிலியும் பி.எஃப். பணமும் அதில் இறங்கின.

பத்திரங்களைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நூலகத்தில் சொத்துரிமைச் சட்டப் புத்தகம் ஒன்றைப் பாதிவரை படித்திருந்தேன், முழுதாகப் படித்தவனைப் போலப் பேசினேன். முப்பது வருட வில்லங்கச் சான்று வாங்கினேன். மூலப்பத்திரத்தை வரி வரியாகப் பார்த்தேன். டேப் பிடித்து அளந்து, தென்மேற்கு மூலையில் மூன்று அங்குலம் குறைகிறது என்று கண்டுபிடித்துக் கல்லைத் தள்ளி நடவைத்தேன். அந்த மூன்று அங்குலத்தைப் பற்றி ஒரு மாதம் எல்லோரிடமும் பேசினேன்.

நிலம் அவ்வூர்ப் பெரியவர் ஒருவருடையது. விற்கும் அதிகாரத்தைப் பவர் பத்திரமாக எழுதித் தரகரிடம் கொடுத்திருந்தார். பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா கேட்டார்:

"ஓனர் வரமாட்டாராடா?"

"பவர் இருக்குக்கா. இவர் போட்டா அவரே போட்ட மாதிரி."

"பெரியவருக்கு நடமாட்டம் இல்லம்மா. அலைய வேணாம்னுதான் பவர் குடுத்தாரு," என்றார் தரகர்.

"ஒரு தடவ பார்த்துட்டு வந்திருக்கலாம்," என்றார் அக்கா. சட்டம் தெரியாதவர்கள் பேசும் பேச்சு என்று நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்துக் கடைக்கால் தோண்ட நாள் பார்த்தோம். மேஸ்திரி செங்கலுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது, வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் வரப்பேறி வந்தார்.

"இன்னா பண்றீங்க இங்க?"

"பெரியவர் பவர்ல வாங்கியிருக்கோம்மா" என்று பத்திரத்தை நீட்டினேன்.

"எந்தப் பெரியவரு? எங்க வூட்டுக்காரரா? அவரு செத்துப் பதினாலு மாசம் ஆவுது."

பதினாலிலிருந்து ஆறைக் கழிக்க பி.ஏ. தேவையில்லை. எங்களுக்குப் பத்திரம் பதிவானபோது பெரியவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. தரகரைத் தேடிப் போனோம். அவர் அறையில் அப்போது ஒரு தையல்கடை இருந்தது.

தாம்பரத்து வக்கீல் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். "பவர் கொடுத்தவர் போனா பவரும் போயிடும் சார். தெரியாம வாங்கினோம்னு வாதாடலாம், இடம் இருக்கு. ஆனா பத்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஒரு செங்கல் வைக்க முடியாது. அது சரி, ஓனரை நீங்க பாக்கவே இல்லியா?"

மூன்று அங்குலத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

அதே நகரில் மனை வாங்கிய ஏழு பேர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். நானும் கடுமையான நடையில் ஒன்று எழுதி அக்காவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "முதல்ல துக்கம் விசாரிக்கணும்டா" என்றார். "செத்தவரு நிலத்துல நின்னு பூஜை போட்டிருக்கோம். அந்தம்மா முகத்தை நீ பார்த்தியா?"

போனோம். அக்கா அந்த அம்மாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாரு. சோடா வாங்கிகினு வர்றதுக்குள்ள அவ்ளோதான். பொண்ணுக்குத் தலைப்பிரசவம் பாத்துட்டுப் போலாம்னு இருந்தாரு."

ஒரு மணி நேரம் அவர்கள் பெரியவரைப் பற்றியே பேசினார்கள். "நிலத்தைப் பத்திக் கேளுக்கா" என்று இரண்டு முறை முணுமுணுத்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினார். துக்க வீட்டில் செய்வதுபோல், சொல்லிக்கொள்ளாமலே எழுந்து வந்தோம். வழியெல்லாம் அக்காவுடன் சண்டை போட்டேன். சொந்த வீடு கையைவிட்டுப் போகிற நேரத்தில் சோடா கதை கேட்டுக்கொண்டிருந்தாரே என்று எனக்கு ஆத்திரம்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாளின் மூத்த மகன் சைக்கிளில் வந்து, அம்மா கூப்பிடுவதாகச் சொன்னார். அவருக்கு அதில் விருப்பமில்லை என்பது சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்ட விதத்திலேயே தெரிந்தது.

"நோட்டீசு ஏழு வந்துச்சும்மா" என்றார் அந்த அம்மாள். "எல்லாத்துலயும் அவரு பேரு கீது. அவரு எப்பிடிப் போனாருன்னு நீ ஒருத்திதான் கேட்ட. கையெழுத்துப் போட்டுத் தர்றோம்."

சும்மா ஒன்றும் தரவில்லை, தர வேண்டிய அவசியமும் இல்லை. தரகர் கொண்டுபோன தொகையில் ஒரு பகுதி அளவுக்கு அக்கா அவர்களுக்கு மறுபடியும் பணம் கொடுத்தார். அதற்காக அத்தான் இரண்டு வருடம் ஓவர்டைம் பார்த்தார். பதிவுக்கு இரண்டு மகன்களும் தாயாரும் போதும் என்றார் மூத்தவர். "கட்டிக்குடுத்த தங்கச்சிய எதுக்கு இழுக்கிறீங்க?" "அவங்களுக்கும் அப்பாதானேப்பா" என்றார் அக்கா. கைக்குழந்தையோடு அந்தப் பெண்ணும் வந்து கையெழுத்திட்டார். மகளும் வாரிசுதான் என்றும், அக்கா சொன்னது எவ்வளவு பெரிய சட்டம் என்றும் வக்கீல் பிறகு விளக்கினார்.

அதன் பிறகு நம் உறவில் மனை வாங்கியவர்கள் அக்காவிடமிருந்து தப்பியதில்லை. வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா எல்லாம் சரி என்றாலும், பவர் கொடுத்தவரை நேரில் பார்த்தாயா என்று கேட்பார். பார்க்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை அவரே கிளம்பிவிடுவார். சேலையூரில் ஒரு பெரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "நான் உசுரோட இருக்கேனான்னு பாக்க வந்தியா தாயி?" என்று கேட்டாராம். "ஆமாங்க ஐயா" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்து வந்தார்.

வீடு ஆறு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. முதலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிறகு தளம். பூச்சு வேலை முடிந்த வருடம் சிறுநீரகக் கோளாறு தெரியவந்தது. மூன்று வருடம் அதோடு போராடினார், கம்பெனிக்குக் கடைசி நான்கு மாதம் தவிர நாள் தவறாமல் போனார். போன வருடம் இதே நாள் காலையில், கூடத்தில் காபி டம்ளரைக் கீழே வைத்தவர் சாய்ந்துவிட்டார். வந்தவர்களில் யாரோ, வெளியே பந்தல் போட்டு அங்கே வைக்கலாமா என்று கேட்டார்கள். அதிகம் பேசாத அத்தான், "உள்ள வைங்க. இது அவ வீடு" என்றார்.

சிகிச்சைக் காலத்தில் ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழிகளுக்கும், ஆட்டோவோடு வாசலில் காத்திருந்த எதிர்வீட்டுக்காரருக்கும், அக்கா போன பின் மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துப்போட்ட, நிலம் கொடுத்த மாடம்பாக்கத்து அம்மாளுக்கும் அவர் மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

ஒரு வேலை மட்டும் பாக்கி. பட்டாவில் அக்காவின் பெயரை எடுத்துவிட்டு மகளின் பெயரை ஏற்றவேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் என் பையில் பதினோரு மாதமாக இருக்கின்றன. "மாமா, தாலுகா ஆபீஸ் போனீங்களா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் கூட்டம் அதிகம் என்கிறேன், அதிகாரி லீவு என்கிறேன். உண்மையில் நான் இன்னும் அந்தப் பக்கமே போகவில்லை. மாடம்பாக்கத்து அரை கிரவுண்டுக்கு இன்றைக்கும் உரிமையாளர் அக்காதான் என்று சர்க்கார் ஏட்டில் இருக்கிறது. அதை அடிக்கச் சொல்லி மனு எழுத எனக்குக் கை வரவில்லை.